தோப்பில் நிற்கும் எம்.எம். 540 ஜீப்பைக் குடும்பத்தோடு கடற்கரை செல்லும் வண்டியாக மீட்டெடுக்கலாமா?

தென்கரைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சோழவந்தானை அடுத்த எங்கள் தென்னந்தோப்புக் கொட்டகையில், காலஞ்சென்ற என் மாமனார் வாங்கி ஓட்டிய 1991-ஆம் ஆண்டு மகிந்திரா எம்.எம். 540 ஜீப் ஒன்று பல ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. நான்கு சக்கர இயக்கம் உள்ள டீசல் வண்டி. எஞ்சின் கடைசியாக எப்போது ஓடியது என்பது வீட்டில் யாருக்கும் நினைவில்லை. முன்சக்கர இயக்கத்தைப் போடும் கம்பி (லிவர்) அசைய மறுக்கிறது. ஓட்டுநர் காலடித் தகட்டில் தரை தெரிகிறது. மற்றபடி கழற்றி விற்கப்பட்ட பாகம் எதுவும் இல்லை.

மதுரையில் இருந்து கடல் தொலைவு என்றாலும், விடுமுறை கிடைத்தால் அரியமான், தனுஷ்கோடி, மணப்பாடு என்று கிளம்பிவிடும் குடும்பம் எங்களுடையது. மனைவி, தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர், சில வேளைகளில் என் பெற்றோரும் வருவார்கள். இந்த ஜீப்பைச் சரிசெய்து, திறந்த கூரையோடு, மணலிலும் இறங்கக்கூடிய வண்டியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விருப்பம். நகரில் ஒரு பட்டறையில் காட்டியபோது, புதிய டர்போ எஞ்சின், அகன்ற டயர், பளபளக்கும் வண்ணம் எல்லாம் சேர்த்து நான்கு லட்சம் ஆகும் என்றார்கள். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு மட்டும் தெளிவான பதில் வரவில்லை.

எங்கிருந்து தொடங்க வேண்டும், பழைய எஞ்சினை மாற்றத்தான் வேண்டுமா, கடல் உப்பிலிருந்து வண்டியை எப்படிக் காப்பது, உண்மையில் நம் கடற்கரைகளில் வண்டியை இறக்க அனுமதி உண்டா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கூடல்நகர் ஜிப்சி

தொடக்கத்திலேயே எதிர்க்கருத்து சொல்வதைப் பொறுத்தருளவும். அந்த நான்கு லட்சத்துக்கு நல்ல நிலையில் உள்ள மாருதி ஜிப்சி கிங் ஒன்றைத் தேடுவது குடும்பத்துக்கு ஏற்றது என்பது என் எண்ணம். 1985-இன் இறுதியில் வந்த முதல் ஜிப்சியில் 970 சி.சி. எஞ்சின்தான் இருந்தது, 1996-இல் வந்த கிங்கில் 1298 சி.சி. பெட்ரோல் எஞ்சின் வந்தது. மணலில் எடை குறைந்த வண்டியே எளிதாகப் போகும். பெட்ரோல் என்பதால் சத்தமும் அதிர்வும் குறைவு. உதிரி பாகங்களுக்கும் இன்னும் குறைவில்லை.

இராணுவ ஏலத்தில் வந்த ஜிப்சிகளை விற்கும் தரகர்கள் உங்களை அழைப்பார்கள். பதிவு முடிந்து ஆர்.சி. கையில் உள்ள வண்டி என்றால் மட்டும் பேசுங்கள். "பதிவு செய்து தருகிறோம்" என்று வாயால் சொல்வதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். மாமனார் வண்டி என்ற பாசம் புரிகிறது. ஆயினும் பாசத்துக்கும் ஒரு பட்ஜெட் வேண்டும் அல்லவா?

போடிமெட்டு

கூடல்நகர் அண்ணன் சொல்வதில் எடை பற்றிய பகுதி சரி. ஆனால் ஜிப்சியின் தகடு மெல்லியது. கடற்கரைக்கு அடிக்கடி சென்றால் ஜீப்பை விட அதுதான் முதலில் அரித்துப்போகும். தவிர, பாகம் எதுவும் தொலையாத எம்.எம். 540 கிடைப்பது இப்போது அரிது. என் பரிந்துரை, வைத்துக்கொள்ளுங்கள் என்பதே.

மதுரைப் பட்டறைகளில் சுற்றுவதற்கு முன் ஒரு முறை போடி, கம்பம் பக்கம் வாருங்கள். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறும் ஜீப்புகளை இன்றும் ஓட வைத்துக்கொண்டிருக்கும் மெக்கானிக்குகள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வண்டியின் கியர் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டத் தெரியும். பழைய ஹவுசிங், கிராஸ், ஹப் எல்லாம் இங்கே கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

எஞ்சினை மாற்ற வேண்டியதில்லை. உங்கள் வண்டியில் இருப்பது பெரும்பாலும் பிரான்சின் பெஜோ நிறுவன வடிவமைப்பில் வந்த எக்ஸ்.டி.பி. 4.90 ஆக இருக்கும். 2112 சி.சி., 62 குதிரைத்திறன். வேகத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்தக் கியர் பெட்டியும் ஆக்சிலும் இந்த அளவு சக்திக்கே பொருந்துபவை. அதன் மேல் டர்போ எஞ்சினை ஏற்றினால் அடுத்து கியர் பெட்டி, அதற்கடுத்து ஆக்சில், பிரேக் என்று செலவு வால் பிடித்துக்கொண்டே போகும். பட்டறைக்காரர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

நீண்ட நாள் நின்ற டீசல் எஞ்சினை எக்காரணம் கொண்டும் தள்ளியோ கட்டி இழுத்தோ உயிர்ப்பிக்க முயல வேண்டாம். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எஞ்சின் ஆயில் ஊற்றி, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் முன்புறக் கப்பியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றினால் பாதி கவலை தீர்ந்தது. டீசல் டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். உள்ளே பசை போன்ற படிவு இருக்கும். டீசல் பம்பின் ரப்பர் சீல்கள் காய்ந்திருக்கும், ஆகவே பம்பைத் தனியாகப் பம்புக் கடையில் கொடுத்துவிடுங்கள். ரேடியேட்டரைத் திறந்து சுத்தம் செய்யாமல் நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். இந்த எஞ்சின் எதையும் தாங்கும், அதிகச் சூட்டை மட்டும் தாங்காது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட் விரிசல் விட்டுவிடும்.

பிரேக் நான்கு சக்கரத்திலும் டிரம் வகை. நின்ற வண்டியில் வீல் சிலிண்டர்கள் இறுகியிருக்கும். கழுவி மாட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாமல் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள், குழாய்கள் உட்பட. குழந்தைகள் ஏறும் வண்டி.

அசையாத கம்பியைச் சுத்தியால் அடிக்க வேண்டாம். பெரும்பாலும் டிரான்ஸ்பர் கேஸின் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டியின்) உள்ளே கோளாறு இருக்காது. கம்பிகள் அசையும் முள்ளில் (பின்) துரு ஏறியிருக்கும். முன்சக்கரங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, துரு இளக்கும் எண்ணெயை முள்ளில் விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டியபடி ஒருவர் கம்பியை மெல்ல அசைக்கட்டும். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இந்த வண்டியில் முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் (இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கர அமைப்பு) கிடையாது. தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு ஓட்டினால் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும், கம்பியும் திரும்பி வராது. நான்கு டயரும் ஒரே அளவாகவும் ஒரே தேய்மானமாகவும் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

புதூர் பட்டறை

கேள்வி கேட்டவர் கடைசியில் சொன்ன ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது: சேஸிஸ் பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அப்படியானால் அந்தப் பட்டறையை மறந்துவிடுங்கள். கடலுக்குச் செல்லும் வண்டிக்கு எஞ்சினும் வண்ணமும் அடுத்த பேச்சு. சேஸிஸ் நன்றாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் பணம் சேரச் சேரச் செய்துகொள்ளலாம். அது போயிருந்தால் மேலே செய்யும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

நீங்களே பார்க்கலாம். சிறு சுத்தியலும் பழைய ஸ்குரூ டிரைவரும் போதும். வண்டிக்கு அடியில் படுத்து, சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களையும் முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மொத்தென்று அடங்கும். அடங்கிய இடத்தில் ஸ்குரூ டிரைவர் முனையை அழுத்துங்கள். செதில் செதிலாக உதிர்ந்தாலும் அடியில் கெட்டித் தகடு தட்டுப்பட்டால் காப்பாற்றலாம். முனை உள்ளே இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் கொக்கிகள், பின்புறக் குறுக்குச் சட்டம், பாடியைப் பூட்டும் போல்ட்டுகளைச் சுற்றிய இடம், இம்மூன்றையும் விட்டுவிடாதீர்கள். நீரும் மண்ணும் தங்குவது அங்கேதான்.

தரை தெரியும் காலடித் தகட்டின் மேல் இன்னொரு தகட்டை ஒட்டி, பட்டி பூசி, வண்ணம் அடித்து ஒப்படைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இரண்டு தகடுகளுக்கு இடையே நீர் தங்கி, அடுத்த மழைக்காலத்துக்குள் இரண்டும் சேர்ந்து போகும். அரித்ததை முழுமையாக வெட்டி எடுத்துவிட்டு, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைத்து, அடியிலும் மேலும் எபாக்சி பிரைமர் அடிப்பதே முறை. தகட்டில் நீர் வடியத் துளைகளும் விடச் சொல்லுங்கள்.

மதுரை வறண்ட ஊர், இங்கே வந்து நின்றால் துரு பிடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். சாப்பாட்டு உப்பு மட்டும் என்றால் அதில் ஓரளவு உண்மை உண்டு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தொட்டால்தான் அது நீரை இழுத்துக் கசியும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 விழுக்காட்டு ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். அந்த அளவு ஈரம் மதுரைக் கோடையிலும் இரவில் இருக்கத்தான் செய்கிறது. இடுக்கில் ஒட்டிய உப்பு, உங்கள் வீட்டு வாசலில் நிற்கும்போதும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் என்பதே இதன் பொருள்.

வசதி இருந்தால் சேஸிஸை முழுவதும் கழற்றி, மணல் பீய்ச்சித் துருவை நீக்கி, உருக்கிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுக்கும் முறையில் பூச்சு ஏற்றிவிடுங்கள். 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் துத்தநாகம் இரும்போடு இறுகப் பற்றிக்கொள்ளும். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும் என்பதால், வண்ணப்பூச்சு இதற்கு ஈடாகாது. மூடிய பெட்டி வடிவச் சட்டங்களில் காற்று வெளியேறத் துளை இட்ட பின்பே முக்க வேண்டும். உள்ளே ஈரம் அடைபட்டிருந்தால் அந்தச் சூட்டில் வெடித்துவிடும். ஆகவே இதைப் பழகிய ஆலையில் மட்டும் கொடுங்கள். மெல்லிய பாடித் தகட்டை முக்கினால் நெளிந்துவிடும், அதற்கு எபாக்சியே சரி.

தென்கரைவாசி

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. ஞாயிறன்று தோப்புக்குச் சென்று சேஸிஸைத் தட்டிப் பார்த்தேன். நீளச் சட்டங்கள் இரண்டும் முழுவதும் ஒலிக்கின்றன. பின்புறக் குறுக்குச் சட்டத்தின் இடப்பக்க மூலையில் மட்டும் முனை உள்ளே இறங்கியது. கூடல்நகர் நண்பர் மன்னிக்கவும், ஜீப்பை வைத்துக்கொள்வது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. டர்போ எஞ்சினையும் அகன்ற டயரையும் கைவிட்டுவிட்டேன். கடற்கரையில் இறக்குவது பற்றி யாராவது சொல்ல முடியுமா?

கடலாடிக்காரன்

எங்கள் பக்கத்துக் கடற்கரையைப் பற்றிக் கேட்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் காட்சி, அலை ஓரமாக ஜீப் ஓடுவது, இங்கே பெரும்பாலும் நடக்காது, நடக்கவும் கூடாது.

முதல் காரணம் நிலம். கேரளத்தில் கண்ணூர் அருகே முழப்பிலங்காடு கடற்கரையில் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தூரத்துக்கு வண்டிகள் ஓடுகின்றன. கடல் வற்றும்போது அங்கே அகலமான, இறுகிய ஈர மணல் கிடைக்கிறது. மன்னார் வளைகுடாவில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இறுகிய மணல் ஒரு குறுகிய பட்டை மட்டுமே. அதற்கு மேலே கால் புதையும் பொலபொலப்பு. பாக் விரிகுடாப் பக்கம், அதாவது தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் இன்னும் மோசம். மேலே மணல் போலத் தெரியும், அடியில் சேறு இருக்கும். அதில் இறங்கிய ஜீப்பை இழுக்க வரும் டிராக்டரும் சேர்ந்து புதைவதை இங்குள்ளவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

தனுஷ்கோடிக்கு ஜீப்பில் போனோம் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்த பிறகு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் முழங்கால் நீரிலும் ஜீப்புகளும் வேன்களும்தான் ஆட்களை ஏற்றிச் சென்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்ததோடு அந்தக் காலம் முடிந்தது. இப்போது அங்கே சாலையை விட்டு இறங்க வேண்டிய தேவையே இல்லை. 2025 ஜூனில் அப்பகுதி பெரும் பூநாரைச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா என்பதால் வனத்துறையின் கண் கரையோரம் எங்கும் இருக்கும்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. முட்டைகள் மணலுக்கு அடியில் ஒன்றரை அடி ஆழத்தில் இருக்கும். மேலே எந்த அடையாளமும் தெரியாது. டயர் அழுத்தினால் குழி இறுகிவிடும். தப்பிப் பொரித்த குஞ்சு சக்கரத் தடத்தில் விழுந்தால், சுவர் ஏற முடியாமல் அதிலேயே நடந்து வெயிலில் காய்ந்துபோகும். ஆகவே, மீனவக் கிராமங்களில் படகு இழுக்கும் வண்டிகள் செல்லும் பாதை வரை, ஊராரைக் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். அரியமானில் சவுக்குத் தோப்பு நிழலில் நிறுத்திவிட்டு நடந்தால் கடல் எட்டும் தூரம்தான். பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

அந்தப் பாதைகளிலும் மணல் உண்டு, அதற்கு உங்கள் ஜீப் உதவும். டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை குறைத்துக்கொள்ளுங்கள், தரையைத் தொடும் பரப்பு நீளும். குறைந்த கியரில் ஒரே சீராக ஓட்டுங்கள். நிறுத்தும்போது பிரேக்கை மிதிக்காமல் தானாக நிற்க விடுங்கள், இல்லையேல் சக்கரத்தின் முன் மணல் குவிந்து புறப்படுவது கடினமாகும். சக்கரம் சுழன்றால் உடனே ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். ஒரு மண்வெட்டி, இரண்டு பலகைகள், தார்ச்சாலை ஏறும் முன் காற்று நிரப்பச் சிறிய கம்ப்ரஸர், இவை வண்டியிலேயே கிடக்கட்டும்.

கடல்நீரில் சக்கரம் நனையவே வேண்டாம். ஓடிச் சூடான ஆக்சில் திடீரென்று நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, மூச்சுத்துளை வழியாக உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். ஐயம் இருந்தால் ஹவுசிங்கின் ஆயில் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பால்காப்பி நிறத்தில் வந்தால் அன்றைக்கே மாற்றியாக வேண்டும்.

திரும்பும் வழியில் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது கட்டாயம். இதற்கு எங்கள் இராமநாதபுரம் பக்கத்தை நம்ப வேண்டாம். குடிக்கவே குடம் குடமாக விலை கொடுத்து வாங்குகிறோம், இங்குள்ள நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாகவே இருக்கும். பரமக்குடியோ மானாமதுரையோ வந்ததும், நீரின் தன்மையைக் கேட்டுவிட்டு, லிஃப்ட் வைத்த இடத்தில் வாட்டர் வாஷ் செய்துகொள்ளுங்கள்.

மேலூர் வக்கீல்

எல்லோரும் வண்டியைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். காகிதத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பதால் குறுக்கிடுகிறேன்.

சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் படிவம் 25-இல் விண்ணப்பித்து, வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் வண்டி பல ஆண்டுகளாக நின்றிருப்பதால், தாமதித்த காலத்துக்கான கூடுதல் கட்டணமும் பசுமை வரியும் சேரும். கார், ஜீப் வகைக்கு முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025-இல் மீண்டும் உயர்ந்தது. பழைமை வண்டி என்ற தனிப்பதிவு கிடைக்குமா என்று கேட்காதீர்கள். அதற்கு 50 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அப்படிப் பதிந்த வண்டியை வழக்கமான பயணத்துக்கு ஓட்டவும் முடியாது.

அதற்கும் முன், பெயர் மாற்றம். உரிமையாளர் காலமாகிவிட்டார் என்கிறீர்கள். படிவம் 31, வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் ஆகியவை தேவை. மைத்துனர் இருந்தால் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். வண்டி தோப்பில் துருப்பிடித்து நிற்கும்போது வராத உரிமை, வண்ணம் பூசி வாசலில் நிறுத்தியதும் வருவதை நீதிமன்றத்தில் நிறையப் பார்த்துவிட்டேன்.

டர்போ எஞ்சினைக் கைவிட்டது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையொட்டி, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவது இப்படிப்பட்ட மாற்றங்களைத்தான். நிறத்தை மாற்றலாம், ஆர்.சி.யில் பதிய வேண்டும். வண்டி கவிழ்ந்தால் காக்கும் கம்பிக் கூண்டு, கூடுதல் இருக்கை போன்றவற்றுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் கை வைக்காதீர்கள். பின்புறத்தில் பக்கவாட்டில் உட்காரும் பெஞ்சு இருக்கைகளில் பிள்ளைகளை வைத்து நான்கு வழிச்சாலையில் ஓட்டுவது குறித்து மட்டும் யோசியுங்கள். திடீர் பிரேக்கில் அவர்களைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. இராமநாதபுரம் வரை அவர்களும் பெரியவர்களும் ரயிலில் வரட்டும் என்பது என் யோசனை. உங்கள் தந்தையாரின் முதுகும் நன்றி சொல்லும்.

புதூர் நண்பருக்கு ஒரு கேள்வி. ஆய்வாளர் சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுப்பார். மணல் பீய்ச்சி, துத்தநாகத்தில் முக்கினால் அந்த எண் படிக்கும்படி இருக்குமா? அது தெளியவில்லை என்றால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் புதுப்பிப்பு நின்றுவிடும்.

புதூர் பட்டறை

வக்கீல் ஐயா கேட்டது மிகச் சரியான கேள்வி. கவனிக்காமல் விட்டால் எண்ணின் பள்ளத்தில் துத்தநாகம் நிரம்பிவிடும். ஆகவே மணல் பீய்ச்சும்போது எண் உள்ள பகுதியின் மேல் கனத்த ரப்பர் ஒட்டுப்பட்டையைச் சுற்றிவிட வேண்டும்; அங்கே உள்ள துருவைக் கம்பித் தூரிகையால் கையால் மட்டும் நீக்கலாம். தொட்டிக்கு அனுப்பும் முன், துத்தநாகம் ஒட்டாமல் தடுக்கும் பூச்சை அந்த அளவு இடத்தில் தடவச் சொல்லுங்கள். ஆலையில் அது இருக்கும். முக்கி எடுத்த பின் அந்தக் கையகல இடம் வெற்று இரும்பாக நிற்கும், அதற்கு மெல்லிய பிரைமர் ஒரு கை போதும். கெட்டியாகப் பூசினால் அதுவும் எண்ணை மூடிவிடும்.

தென்கரைவாசி தம்பி, இவை எல்லாம் பின்னால் வருபவை. இப்போதே தோப்புக்குச் சென்று, சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் நீங்களே பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வகை ஜீப்புகளில் எஞ்சின் எப்போதோ மாறியிருந்து, புத்தகத்தில் பழைய எண்ணே இருப்பது புதிதல்ல. ஒத்துப்போனால் படம் எடுத்து இங்கே எண்களை மறைத்துப் போடுங்கள், குறுக்குச் சட்டத்தின் மூலையையும் சேர்த்து. எவ்வளவு வெட்ட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.